அக்காவுக்காக வாங்கிய வண்டி

மச்சான் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியதே அக்காவின் இளைப்புக்காகத்தான்.

ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். காலையில் பட்டாசுக் கம்பெனி பஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். அதுதவிர டவுன் பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. "நம்ம ஊர்ல சீக்கு வந்தா பஸ் டயத்துக்குத்தான் வரணும்" என்று அக்கா சொல்லுவாள். அவளுக்கு வந்த சீக்கு நேரம் பார்த்து வருகிற சீக்கு இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கம்பி மத்தாப்பு செக்சனில் வேலை. அலுமினியத் தூள் பறக்கிற இடம். வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் தண்ணீர் வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டு ஓடும். முப்பது வயதைத் தாண்டியதும் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இளைப்பு கூடிவிட்டால் மாத்திரைக்கு மசியாது. சிவகாசிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு, மூக்கில் புகை மருந்து பிடித்தால்தான் அடங்கும். இரண்டு தடவை பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் பாதி தூரமும், எதிரே வந்த லோடு வேனில் மீதி தூரமும் என்று போய்ப் பிழைத்தாள். அதற்கப்புறம்தான் மச்சான் வண்டி வாங்கினார். எங்கள் குடும்பத்தில் இன்ஜின் வைத்த வாகனம் வாங்கிய முதல் ஆள் அவர்.

நான் அப்போது சிவகாசியில் ஓர் அச்சாபீசில் கட்டிங் மெஷினில் நின்றேன். வண்டி வேலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கழற்றிப் பார்ப்பேன், மாட்டிப் பார்ப்பேன், மிச்சம் விழுந்த ஸ்குரூவை டப்பாவில் போட்டு வைப்பேன். அம்புட்டுத்தான் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா வீட்டுக்குப் போவேன். கறிக்குழம்பும் உண்டு, வண்டி வேலையும் உண்டு.

முதல் கொஞ்ச நாள் வண்டி நன்றாகவே ஓடியது. பஸ் நெரிசலில் அக்காவுக்கு மூச்சு முட்டுகிறது என்று மச்சான் வேலைக்கும் அதிலேயே கூட்டிப்போனார். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. அவர் குழாய் செக்சன். காகிதத்தை உருட்டிப் பசை போட்டு ஒட்டுகிற வேலை. கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. கேட்டுக்கு வெளியே, தள்ளி, வேப்பமரத்தடியில் வரிசையாக நிறுத்த வேண்டும். பெட்ரோல் குழாயை மூடியிருக்க வேண்டும். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாம் வாட்ச்மேனிடம் போய்விடும். அந்த வாட்ச்மேனுக்கு மூக்கு நாய் மூக்கு. பழைய வண்டி, டாங்கி நிறைய பெட்ரோல் போட்டால் குண்டு குழியில் குலுங்கி மூடி வழியாகக் கசியும்.

"என்ன அண்ணாச்சி, வண்டில வந்தீகளா, பெட்ரோல் பங்க்க முதுகுல தூக்கிட்டு வந்தீகளா? வாடை கொடலப் பெரட்டுது. அங்கிட்டுத் தள்ளி நிறுத்துங்க."

தினமும் இந்தப் பாட்டு. அதைவிட, அந்த வாடை அக்காவுக்கு ஆகவில்லை. பின்னால் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே போவாள், கம்பெனி போய்ச் சேருவதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, "இப்ப வாடையே இல்லலே தம்பி, சாமியக் கும்பிட்டுக்கிட்டே போய் எறங்குதேன்" என்றாள். வாடை எப்படிப் போனது என்று நானும் கேட்கவில்லை. நல்லது நடந்தால் யார் காரணம் கேட்கிறார்கள்?

அதற்குப் பின்தான் வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது.

நிற்பதிலும் ஒரு நியதி இருந்தது. வீட்டில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உறுமும். கிளம்பி இரண்டு மைல், மூன்று மைல் போனதும் இழுவை குறையும், ஒரு விக்கு விக்கும், நின்றுவிடும். உதைத்தால் கேட்காது. சும்மா விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் சில சமயம் கிளம்பும்.

ஊரில் வைத்தியம் தெரியாதவர் யார் இருக்கிறார்? வண்டி நின்றால் கார்பரேட்டர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற சின்னப் பாத்திரம் அது. பெட்ரோல் அதன் கிண்ணத்துக்குள் இறங்கி, ஜெட் என்கிற ஊசித்துளை வழியாக மேலே ஏற வேண்டும். அந்தத் துளையில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும். பட்டாசு ஊரில் தூசிக்கா பஞ்சம்? ஞாயிறுதோறும் வாசலில் பழைய தினசரியை விரித்துக் கார்பரேட்டரைப் பிரித்து வைப்போம். ஜெட்டை வாயில் வைத்து ஊதுவேன், பெட்ரோல் நாக்கில் எரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளை தெரிகிறதா என்று பார்ப்பேன். மிதவையைப் பார்ப்பேன், அதன் ஊசியைப் பார்ப்பேன், பிளக்கைக் கழற்றித் துடைப்பேன். காற்று வடிகட்டியைத் தட்டினால் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டும்.

எதிர் வீட்டுப் பெரியவர் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"நோய்க்கும் பாரு, பேய்க்கும் பாரும்பாக. நீ நோய்க்குப் பாத்துட்ட. ஒரு எலுமிச்சங்காயக் கட்டு, பேய்க்கும் பாத்த மாதிரி இருக்கும்."

"கட்டியாச்சு தாத்தா. எலுமிச்சங்காய் காஞ்சு விழுந்ததுதான் மிச்சம்."

"அப்ப வைத்தியன்தான் சரியில்ல. ஆயிரம் பேரக் கொன்னாத்தான அரை வைத்தியன்? நீ எத்தனையாவதுல இருக்க?"

எல்லாரும் சிரிப்போம். அக்கா அடுப்படியிலிருந்து சத்தம் கொடுப்பாள்: "எனக்கும் அந்த வண்டிக்கும் ஒரே சீக்குத்தான். ரெண்டுக்கும் பாதி வழில மூச்சு நிக்கிது. ரெண்டு பேரையும் ஒரே டாக்டர்ட்ட காட்டிப்புடுங்க, செலவு மிச்சம்."

மச்சான் மட்டும் சிரிக்க மாட்டார். அவர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார். "மாப்ளே, இவளுக்கு இழுத்துச்சுன்னா நின்னுறாதுல்ல?"

"நிக்காது மச்சான். ஜெட்டுல இருந்துச்சு, ஊதிட்டேன்" என்பேன். மாட்டி, ஓட்டிப் பார்ப்போம். நன்றாகத்தான் ஓடும். ஊருக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

ஐப்பசி பிறக்கப்போகிற நேரம். தீபாவளி சீசன், ஓவர்டைம், கம்பெனியே பேய் பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு விட்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து நான் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வானம் மூடி, ஊதக்காற்று அடித்தது. அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து சுவரைப் பிடித்து நின்றாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. மாத்திரை போட்டாள். கேட்கவில்லை. உதடு கறுக்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் மச்சான் வண்டியை எடுத்தார். அக்காவை நடுவில் உட்கார வைத்து, நான் பின்னால் உட்கார்ந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய ஒவ்வொரு மூச்சும் என் நெஞ்சில் இடித்தது.

ஊரைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, முன்னும் பின்னும் வீடு இல்லாத இடத்தில் வண்டி விக்கி நின்றது.

உதைத்தார். உதைத்தார். நானும் உதைத்தேன். அக்காவை இறக்கி ரோட்டோரம் மைல்கல்லில் உட்கார வைத்தோம். தூறல் ஆரம்பித்தது. ஸ்குரூ டிரைவர் எப்போதும் என் பையில் இருக்கும். குனிந்து கார்பரேட்டரைக் கழற்ற ஆரம்பித்தேன். ஒரு ஸ்குரூ புல்லுக்குள் விழுந்தது. மச்சான் ரோட்டின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"கழட்டாதலே" என்றாள் அக்கா. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருந்தது. "மெல்ல… நடந்தே… போயிருவோம்."

அவளால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

அட்டைப்பெட்டி லோடு ஏற்றிய வேன் ஒன்று வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. டிரைவர் பக்கத்தில் அக்காவை ஏற்றி, மச்சானும் ஏறிக்கொண்டார். நான் பெட்டிகளுக்கு மேலே படுத்துக்கொண்டு போனேன். வண்டி அங்கேயே கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்துத்தான் சொன்னார். நுரையீரல் ரொம்ப நாளாகக் கெட்டுப்போய்விட்டது என்றார். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை அது. மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உறுதியாச் சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம் மாப்ளே? பொழைச்சிருப்பான்னு அர்த்தமா, பொழைச்சிருக்க மாட்டான்னு அர்த்தமா?"

நான் எனக்குத் தெரிந்த சொலவடைகளை எல்லாம் சொன்னேன். விதி முடிந்தவர்களை யாரும் நிறுத்த முடியாது, எண்ணெய் உள்ள மட்டும்தான் விளக்கு என்றெல்லாம். ஊரார் சொல்லும்போது இனிக்கிற வார்த்தைகள் அன்றைக்கு என் வாயிலேயே சப்பென்று இருந்தன. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வண்டி எதுனால நின்னுச்சு? அத மட்டும் எனக்குக் கண்டுபிடிச்சுச் சொல்லு. அது தெரிஞ்சா நான் தூங்கிருவேன்" என்றார்.

வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். தினமும் வாசலில் காகிதத்தை விரித்துக் கார்பரேட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாட்டுவார், பிரிப்பார். எதிர் வீட்டுப் பெரியவரின் கட்டில் இப்போது வாசலுக்கு வருவதில்லை. நான் போனால், மிதவை ஊசியை விரல்நுனியில் எடுத்து நீட்டி, "இதுல ஒரு கீறல் இருக்கா பாரு" என்பார். அது புது ஊசி. வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

அக்காவின் சாவு சம்பந்தமாக ஒரு கையெழுத்து வாங்க நான் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். "ஓட்டிப் பாரு. நிக்கிற எடத்துல யோசி" என்றார். நல்ல வேட்டி சட்டை போட்டிருந்ததால் பையை எடுக்கவில்லை. ஸ்குரூ டிரைவரும் இல்லை.

வழக்கம்போல இரண்டு மூன்று மைலில் நின்றது. பிரிக்கக் கையில் ஒன்றும் இல்லை. பெட்ரோலாவது இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கம்தான். வெயிலில் பெட்ரோல் ஆவி அடிக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். அன்றைக்கு வெயில் இல்லை. மூடியை மூடிவிட்டு உதைத்தேன், ஒரே உதையில் கிளம்பியது. அதே தூரம் போனதும் மறுபடி நின்றது. மறுபடி மூடியைத் திறந்தேன், உஸ், கிளம்பியது. அந்த ரோட்டில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் வெளியே வருகிற சத்தம் இல்லை. காற்று உள்ளே போகிற சத்தம்.

மூன்றாவது தடவை மூடியை இறுக்காமல், சும்மா மேலே வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். சூலக்கரை வரைக்கும் நிற்கவில்லை.

வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கும் இது புரியும். டின்னில் எண்ணெய் ஊற்ற ஒரு ஓட்டை போட்டால் விட்டு விட்டுத்தான் வரும். எதிர்ப் பக்கம் இன்னொரு ஓட்டை போட வேண்டும், காற்று போனால்தான் எண்ணெய் வரும். டாங்கி மூடியிலும் அதற்கென்று குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அது அடைத்துவிட்டால், பெட்ரோல் கொஞ்ச தூரத்துக்கு இறங்கிவிட்டு அப்புறம் மேலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். கார்பரேட்டரில் எந்தக் குற்றமும் இல்லை. நாங்கள் ஒவ்வொரு தடவையும் அதைப் பிரிப்பதற்கு முன்னால் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தோம். அதனால்தான் பிரித்து மாட்டியதும் ஓடியது. மைல்கல்லுக்குப் பக்கத்தில் அன்றைக்கு மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. முந்தின நாள்தான் பெட்ரோல் போட்டிருந்தார்.

திரும்பி வருகிற வழியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, மூடிக்குள் இருந்த, நடுவில் ஓட்டை விட்ட தகட்டைக் காசால் நெம்பி எடுத்தேன். அழுக்கு இருக்கும், துரு இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே காகிதம் இருந்தது. பழுப்புக் காகிதத்தை வட்டமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் தேய்த்துப் படிய வைத்திருந்தார்கள். பசையில் லேசாக நீலம் ஓடியது. பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள், பட்டாசுக் குழாய் ஒட்டுவதற்கு. அது பெட்ரோலில் கரையாது. இந்த வேலை யார் கை வேலை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டீ ஆறிப்போனது. காகிதத்தைச் சுரண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துளையில் துடைப்பக்குச்சியை விட்டுச் சுத்தம் செய்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார்.

"நின்னுச்சா?"

"வரும்போது நிக்கல மச்சான்."

"எதுல இருந்துச்சு?"

"சின்ன ஜெட்டுல. ஒரு மண்ணுத் துணுக்கு. இப்பப் போயிருச்சு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார். நகத்துக்குள் நீலமாகப் பசை ஒட்டியிருந்தது. டாங்கி மூடியைத் திறந்து உள்பக்கம் தகட்டு ஓட்டையில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். அந்த விரல் ஒரு இடத்தில் நின்றது.

"காகிதத்த எங்கன போட்ட?"

எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அவதான் கேட்டா" என்றார். "வாடை நெஞ்ச அடைக்குதுன்னா. கேட்டுலயும் அவன் வையிறான். சரி, ஒரு ஓட்டதானன்னு அடைச்சேன். ஒட்டுன அன்னைக்கு அவ இருமவே இல்ல மாப்ளே. கம்பெனி வரைக்கும் பேசிக்கிட்டே வந்தா."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்? எனக்கே தெரியலயே. டாக்டரே சொன்னாருல்ல…"

"டாக்டர் அவ நெஞ்சச் சொன்னாரு. நான் வண்டியக் கேட்டேன். வண்டி இதுனாலதான நின்னுச்சு?"

ஆமாம் என்றேன். பொய் சொல்வதற்கு அந்த மனிதர் இடம் விடவில்லை.

அவர் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து காகித வட்டத்தை ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தார். நன்றாக ஒட்டிய காகிதம், பிரிய மறுத்தது. பிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி நிமிர்ந்தார்.

"மாப்ளே, நான் மத்தவங்களுக்கும் ஒட்டிக் குடுத்திருக்கேன்."

அந்த வாட்ச்மேனின் வாய்க்குப் பயந்து, செக்சனில் இவருடைய கைத்திறமையைப் பார்த்து, எனக்கும் எனக்கும் என்று ஆளாளுக்கு மூடியைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். எத்தனை பேருக்கு, யார் யாருக்கு என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். வேலைக்கு ஆள் நுழைகிற நேரம். வேப்பமரத்தடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. மச்சான் ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். மூடியைத் திறப்பார், கட்டைவிரலை உள்ளே விட்டுத் தடவுவார், மூடுவார், அடுத்த வண்டி. செத்த வீட்டுக்காரர் என்பதால் யாரும் தடுக்கவில்லை. தூக்குவாளியோடு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். வாட்ச்மேன்கூட, "அண்ணாச்சிக்கு என்னாச்சு?" என்று என்னிடம்தான் மெல்லக் கேட்டான்.

நாலைந்து வண்டி தாண்டி ஒன்றில் விரல் நின்றது. சம்சாரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்திருந்த விஸ்வநத்தம் ஊர்க்காரன் ஒருவனின் வண்டி அது.

"உன் வண்டி வழில நிக்கிதா?"

"ஆமா அண்ணாச்சி. போன வாரம்தான் சிவகாசியில புதுக் கார்பரேட்டரே மாத்துனேன். அப்பயும் நிக்கிது."

மச்சான் தகட்டை நெம்பிக் காகிதத்தை உரித்து அவன் கையில் வைத்தார். என்ன ஏது என்று அங்கேயே, எல்லார் முன்னாலும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த ஆளின் சம்சாரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவன் காகிதத்தைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான்.

"ஓட்டையத் தொறந்துட்டா மறுபடி வாடை வருமே அண்ணாச்சி. வாட்ச்மேன் வைவானே."

"வையட்டும்" என்றார் மச்சான். அடுத்த வண்டியின் மூடியைத் திறந்தார்.